முந்நூறு பேர் வாய்மூடி நின்ற மதியம்

நான் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே நான் எழுதப்போவதில் பாதி என் வாய் செய்த கேடு, மீதி அதே வாய் ஒருநாள் செய்த நல்லது.

கொடைக்கானல் மலையில் முதலில் வனவர், பிறகு வனச்சரகர் என்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் வனக்காப்பாளர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எல்லைக் கல் பார்ப்பது, வழக்குப் பதிவது, தீத்தடுப்புக் கோடு போடுவது எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதற்குள் நான் போகவில்லை. காட்டில் வேலை என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் இந்த உடுப்பை மாட்டுகிறோம். சேர்ந்து ஆறு மாதம் ஆனதும் தெரிந்துவிடும், நம் வேலையில் முக்கால்வாசி மனிதர்களோடுதான் என்று. எனக்கு அது தெரிந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டேன். மனிதர்கள்தானே, அதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

ஒருமுறை எங்கள் சரகத்துக்குப் பயிற்சி கொடுக்க மதுரையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மனம், சுபாவம் பற்றிய வகுப்பு. ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார். புது ஆட்களோடு சட்டென்று பேசிவிடுவீர்களா, யாரிடமும் முடியாது என்று சொல்லக் கூச்சப்படுவீர்களா, சின்ன விஷயத்துக்கும் கவலைப்படுவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். கலகலப்பில் நான்தான் முதல். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க நினைப்பதிலும் நானே முதல். கவலைப்படுவதில் முதல் ஆள் மரகதம்.

மரகதம் எங்கள் சரகத்து வனக்காப்பாளர். பண்ணைக்காட்டுப் பக்கத்துப் பெண். ஒல்லியான உருவம், நறுக்கென்ற பேச்சு, எதிரே வருபவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடத் தெரியாத முகம். ரோந்துக்குக் கிளம்பும் முன் தண்ணீர் பாட்டிலை மூன்று தடவை சரிபார்ப்பாள். வேட்டைத் தடுப்புக் காவலர் காளியப்பன் அவளுக்கு நேர் எதிர். அடிவாரத்துப் பளியர் குடியிருப்பில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர். கரடி குறுக்கே வந்தாலும் பீடியைக் காதிலிருந்து எடுத்துப் பற்றவைத்துவிட்டுத்தான் அடுத்த யோசனை. அன்றைக்குக் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் நடுக்கட்டத்திலேயே டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மரகதத்தின் தாளைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "காட்டுமாடுதான் ஒன்னப் பாத்துப் பயப்படணும் மரகதம். நீ அதப் பாத்துப் பயந்தா அது எங்க போயி முறையிடும்?" என்றேன். அறையே சிரித்தது. மரகதம் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், நீங்க அந்த ஜோக் சொன்னப்ப அவங்க முகத்தப் பாத்தீங்களா?"

"எல்லாரும் சிரிச்சாங்களே மேடம்."

"நான் அவங்களப் பத்திக் கேட்டேன்."

நான் தேநீரை ஊதினேன். அவரே சொன்னார்: "நல்லாப் பேச வர்றது ஒன்னு சார். அடுத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு தெரியறது வேற ஒன்னு. முதலாவது இருக்கறவங்களுக்கு ரெண்டாவதும் தன்னால இருக்குன்னு ஒரு நெனப்பு வந்துரும். அதுல கொஞ்சம் கவனமா இருங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. புரியவும் இல்லை. நன்றி மேடம் என்று சிரித்து அனுப்பிவைத்தேன்.

அது புரிவதற்கு ஒருவர் இடுப்பு உடைய வேண்டியிருந்தது. இன்றும் அதை எழுதக் கை கூசுகிறது.

பூண்டியில் காரட் வயல்களைக் காட்டுமாடுகள் மிதித்துவிட்டன என்று ஊரே கொதித்துப்போயிருந்தது. நாளிதழ்களில் காட்டெருமை என்று எழுதுவார்களே, அதைத்தான் நாங்கள் மலையில் காட்டுமாடு என்போம். ஆள் உயரத்துக்கு எழும்பிய திமில், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். ஒரு கூட்டம் இறங்கி நடந்துபோனால் போதும், ஒரு குடும்பத்தின் நான்கு மாத உழைப்பு சேறாகிவிடும். நானும் மரகதமும் ஜீப்பில் போய் இறங்கியபோது வயல் வரப்பில் ஐம்பது பேர் நின்றார்கள். ஜீப்பை விட மாட்டோம் என்றார்கள். நான் இறங்கினேன், பேசினேன். ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும் எனக்கு. அரை மணி நேரத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தேநீர் வந்தது. புறப்படும்போது இரண்டு பேர் பூண்டுக் கட்டு கொண்டுவந்து ஜீப்பில் வைக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பு.

திரும்பும் வழியில் மரகதம் வாய் திறந்தாள். "சார், வேலி ஓரமா நின்ன முருகேசன் அண்ணன் சிரிக்கவே இல்ல சார்."

"எல்லாரும் சிரிச்சே ஆகணும்னு சட்டமா?"

"டீயும் வாங்கல. மண்ணக் கையில அள்ளி அள்ளி உதுத்துக்கிட்டே இருந்தாரு. ரெண்டு தடவ பேச வாயெடுத்தாரு, நீங்க பாக்கல. எனக்கு என்னமோ பயமா இருக்கு சார்."

"ஒனக்கு எதுதாம்மா பயமில்ல?" என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் வேறு கதை பேச ஆரம்பித்தேன்.

நான்காவது நாள் காலை, வெளிச்சம் வந்ததும் தகர டப்பாவும் தடியுமாகத் தனியாகத் தன் வயலுக்குப் போன முருகேசனை ஒற்றைக் காட்டுமாடு ஒன்று தூக்கி வீசிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தது அவர் விழுந்த இடம் உழுத மண்ணாக இருந்ததால்தான்.

மருத்துவமனைக்குப் போய் அவர் கட்டிலருகே நின்றேன். அன்றைக்கும் என் வாயில் ஒரு ஆறுதல் வசனம் தயாராக இருந்தது. அவர் என்னைப் பேச விடவில்லை.

"ஒன்னே ஒன்னுதான் சொல்ல வந்தேன் ரேஞ்சரய்யா. மத்த மாடெல்லாம் சத்தம் போட்டா ஓடிரும். அந்த ஒத்த மாட்டுக்கு மட்டும் காலுல காயம், ரெண்டு நாளா எங்க ஓடைப் பக்கம் தனியா கெடக்கு, கிட்ட போனா முட்ட வருதுன்னு சொல்ல வந்தேன். நீங்க எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தீங்க. அம்புட்டு சிரிப்புக்கு நடுவுல இத எப்படிச் சொல்றது? சரி, நம்ம சோலிய நாமளே பாப்போம்னு போனேன்."

முருகேசன் இன்றைக்குக் கம்பு ஊன்றி நடக்கிறார், விவசாயமும் பார்க்கிறார். என்னைப் பார்த்தால் உட்காரச் சொல்கிறார். ஆனால் அன்று அந்தக் கட்டிலருகே நான் ஒன்றும் பேசாமல் நின்றேனே, அதுதான் இந்த வேலையில் எனக்கு முதல் பாடம்.

அன்று மாலை அலுவலக வாசலில் மரகதத்திடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மாட்டினாள். "ஒனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுச்சு?" என்றேன்.

"எனக்கு எப்பவுமே பயம்தான சார். பயந்தவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குக் கண்ணாடி பாத்தே பழக்கம். ஆனா அத மட்டும் நம்பக் கூடாது சார். போன வருசம் காட்டுமாடு நிக்குதுன்னு ஸ்கூல் பஸ்ஸ வழியிலேயே திருப்பி அனுப்புனேனே, கடைசியில அங்க நின்னது கடமான். என் பயத்த எல்லார் மேலயும் போட்டுப் பாத்துட்டேன். எம்புட்டுத் திட்டு வாங்குனேன்! அதுல இருந்து பயம் வந்தா ஒரு நிமிசம் நின்னு கேட்டுக்குவேன், இது என் பயமா, எதுத்தாப்புல நிக்கிறவங்க பயமான்னு."

நான் படித்த படிப்பு, போன பயிற்சி எதிலும் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. பயந்த சுபாவம் அவளோடு பிறந்தது. அதைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் அவளாகக் கஷ்டப்பட்டுச் சேர்த்தது. எனக்குக் கலகலப்பு பிறவியிலேயே கிடைத்தது, அதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் நான் சேர்க்கவே இல்லை. அன்றிலிருந்து நானும் ஆரம்பித்தேன். ஒரு கூட்டம் சிரித்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, யாருக்காக இந்தச் சிரிப்பு, அவர்களுக்கா எனக்கா என்று கேட்டுக்கொள்வேன். பாதி நாள் மறந்துவிடுவேன். மரகதம் பின்னாலிருந்து "சார்" என்பாள்.

இப்படியே மூன்று ஆண்டுகள் போயின. அதற்குப் பிறகு வந்ததுதான் நான் சொல்ல வந்த மதியம்.

மே மாதம், சீசன். கீழே வத்தலக்குண்டிலிருந்தே வண்டிகள் வரிசைகட்டி ஏறிக்கொண்டிருந்த நாள். ஒன்றரை மணிக்குத் தொலைபேசி வந்தது. ஏரிக்கு மேலே போகும் சாலையில் ஒரு காட்டுமாடு பஜ்ஜிக் கடை வாசலில் நிற்கிறது, கடைக்குள் ஆள் இருக்கிறது என்று. நான், மரகதம், காளியப்பன் மூவரும் போனோம். நெரிசலில் டிரைவர் ஜீப்பை ஊர்ந்தபடி பின்னால் கொண்டுவர, கடைசித் தூரத்தை நாங்கள் ஓடித்தான் கடந்தோம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலையின் மேல்பக்கம் சோலைக்காடு. கீழ்ப்பக்கம் யாரோ கட்டடம் எழுப்பத் தொடங்கிய மனை. மனையின் நடுவில் ரோசம்மாவின் தகரக் கொட்டகைக் கடை, அதையொட்டி ஆள் ஆழத்துக்கு ஓர் அஸ்திவாரக் குழி. குழிக்குள் பிறந்து சில வாரமே ஆன ஒரு கன்று விழுந்து கிடந்தது. குழியின் விளிம்பில் தாய் நின்றது. அது நின்ற இடம் கடைக் கதவுக்கு நேர் எதிரே. கடைக்குள் ரோசம்மாவும், பஜ்ஜி வாங்க வந்து மாட்டிக்கொண்ட பழனிக்காரர் ஒருவரும், அவருடைய ஆறு வயது மகளும். அவர் பெயர் தண்டபாணி, பழனியில் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி கோமதி காரில் இருந்ததால் வெளியே தப்பிவிட்டார். சாலையில் நின்று அலறிக்கொண்டிருந்தார்.

சாலையில் எப்படியும் முந்நூறு பேர் இருப்பார்கள். ஹாரன் சத்தம், விசில், கைபேசியை உயர்த்திப் பிடித்த கைகள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தத் தாய் தலையைத் தாழ்த்தி ஒரு அடி பின்னால் வைத்தது. பின்னால் என்றால் கடைக் கதவை நோக்கி.

காளியப்பன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்னும் செய்யாது சார். கன்னு வெளிய வந்துட்டா அதுபாட்டுக்குப் போயிரும்" என்றார். அதைக் கேட்ட கோமதி அவர் மேலேயே பாய்ந்தார். "ஒன்னும் செய்யாதா? உள்ள இருக்கறது ஒங்க புள்ளையா?" காளியப்பன் சொன்னது முழுக்க உண்மை. அந்த நிதானத்தோடு சொன்னதால்தான் கோமதிக்கு அது காதில் ஏறவில்லை. பதறுகிறவர் எதிரே பதறாமல் நிற்பவரைப் பார்த்தால் இவருக்கு விஷயமே புரியவில்லை என்றுதான் தோன்றும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து விடுதி உரிமையாளர் ஒரு பெட்டியோடு வந்தார். என் பல வருட நண்பர், என் மகள் கல்யாணத்துக்கு அறைகள் ஒதுக்கிக் கொடுத்தவர். பெட்டியில் வெடிகள். "நாலு வெடி போடுங்க ரேஞ்சர் சார், தெறிச்சு ஓடிரும். இன்னும் அரை மணி நேரத்துல மேகம் எறங்கிரும், அப்புறம் ஒன்னும் தெரியாது" என்றார். "வெடியப் போடுங்க! வெடியப் போடுங்க!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது.

மேகத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான். மேலே சோலை முகப்பில் வெள்ளையாகத் திரள ஆரம்பித்திருந்தது. ஆனால் வெடித்தால் அந்தத் தாய் கன்றை விட்டு ஓடாது. சத்தம் வந்த திசைக்கு எதிர்த்திசையில் பாயும். எதிர்த்திசையில் இருந்தது ஒரு தகரக் கொட்டகை.

முந்நூறு பேர் ஒன்றைக் கேட்கிறார்கள், நண்பர் கையில் பெட்டியோடு நிற்கிறார். முடியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். என் நாக்கு வழக்கம்போல ஒரு சமாதானத்தைத் தேடியது. திரும்பி மரகதத்தைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் ஒரு நிமிடம் அசையாமல் நின்றாள். தனக்குள் கேட்டுக்கொள்கிறாள் என்று தெரிந்தது. பிறகு சொன்னாள்: "மாடு கோவத்துல இல்ல சார். அதுவும் பயந்து போயிதான் நிக்கிது. அந்தம்மா பயம், உள்ள இருக்கறவர் பயம், மாட்டுப் பயம், மூனும் ஒன்ன ஒன்னு ஏத்திவிட்டுக்கிட்டு இருக்கு. சத்தத்த நிப்பாட்டுங்க சார். அத நீங்கதான் செய்ய முடியும்."

நான் நண்பரின் கையிலிருந்து பெட்டியை வாங்கி ஜீப் டிரைவரிடம் கொடுத்தேன். "வெடி போடப்போறதில்ல" என்றேன். அவர் முகம் சிவந்தது. "ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். "ஆமா, நான்தான்" என்றேன். பிடிக்காத பதிலை ஒருவர் முகத்துக்கு நேரே, சிரிக்காமல் சொன்னது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

காளியப்பன் தன் யோசனையைச் சொன்னார். குழியின் அந்தப் பக்கம், கடைக்குப் பின்னால், மண் இளகிக் கிடக்கிறது. கீழ்ச்சரிவு வழியாகச் சுற்றிப்போய்க் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சாய்த்தால் கன்று ஏறிவிடும். கடை மறைப்பதால் தாய்க்கு ஆள் தெரியாது. "ஆனா கூச்சல் இருந்தா அது மெரண்டு சுத்தும். நான் மாட்டிக்குவேன்" என்றார், சாப்பாட்டுக்கு உப்பு கம்மி என்று சொல்வதைப் போல.

சரி என்றேன். அவர் ஒரு மண்வெட்டியோடு சரிவில் இறங்கினார். மரகதம் கோமதியிடம் போனாள். நான் கூட்டத்துக்குள் போனேன்.

என் ஒலிபெருக்கியை ஜீப்பிலேயே விட்டுவிட்டேன். முந்தைய நானாக இருந்தால் அதை எடுத்து ஊரைச் சிரிக்கவைத்துக் கூட்டத்தை இரண்டு மடங்காக்கியிருப்பேன். அன்று ஆள் ஆளாகப் போனேன். முதலில் டாக்ஸிக்காரர்கள். அத்தனை பேரையும் எனக்குப் பெயர் தெரியும். "ஏலே அந்தோணி, பின்னால பத்து வண்டி ஒன் பொறுப்பு. எஞ்சின் ஆஃப், ஹாரன் கூடாது. வெரசாப் போ." "சலீம் பாய், நீங்க மேல் பக்கம்." கல்லூரிப் பையன்கள் கும்பலிடம், படம் எடுங்கள் தம்பி, ஆனால் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு எடுங்கள் என்றேன். கைக்குழந்தை வைத்திருந்தவர்களை வண்டிக்குள் ஏற்றிக் கண்ணாடியை மூடச் சொன்னேன். சாலையின் நடுவே காட்டுமாடு கடக்க ஒரு இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் ஆட்களைத் தள்ளி நிறுத்தினேன். தோளைத் தொட்டு, காதருகே, ஒவ்வொருவரிடமும் இரண்டே வாக்கியம். மக்களோடு சட்டெனப் பழகிவிடும் என் சுபாவம் அன்றுதான் முழுசாக எனக்குப் பயன்பட்டது. அவர்களும் என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டுத் தாங்களே பக்கத்தில் நிற்பவரை அடக்க ஆரம்பித்தார்கள்.

இதற்கிடையில் மரகதம் கோமதியிடம் என்ன சொன்னாள் என்பது அரைகுறையாகத்தான் என் காதில் விழுந்தது. பிறகு கோமதியே முழுசாகச் சொன்னார். பயப்படாதீங்க என்று அவள் சொல்லவே இல்லையாம்.

"பயமாத்தான் இருக்கும்கா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க கத்தும்போதெல்லாம் அது கதவுப் பக்கம் ஒரு அடி போகுது. நல்லாப் பாருங்க."

கோமதி பார்த்திருக்கிறார். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. மரகதம் அவருடைய கைபேசியை வாங்கி அவர் கணவரிடம் பேசினாள். அப்போது நான் பக்கத்தில் வந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து தண்டபாணி கத்தியது வெளியில் நிற்கும் எனக்கே கேட்டது. "இனி முடியாதுங்க. புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துர்றேன். நீங்க வெளிய நின்னுக்கிட்டு ஈசியாச் சொல்றீங்க!"

"ஈசியாச் சொல்லல சார், எனக்கும் பயமா இருக்கு" என்றாள் மரகதம். நறுக்கென்ற அதே குரல். "கதவுல இருந்து மாடு பதினஞ்சு அடி. கதவுல இருந்து ரோடு அறுபது அடி, அதுவும் ஏத்தம். புள்ளயத் தூக்கிக்கிட்டு அத முந்த முடியுமா? நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லை. மரகதமும் காத்திருந்தாள். நானாக இருந்தால் அந்த இடைவெளியை எதையாவது பேசி நிரப்பியிருப்பேன்.

"முடியாது" என்றது கைபேசி, சின்னக் குரலில்.

"அப்ப உக்காருங்க. கதவுக்கு முதுகக் காட்டி, புள்ளய மடியில வச்சுக்கோங்க. நான் லைன்லயே இருக்கேன். என்ன நடக்குதோ அத அப்படியே சொல்லுவேன். நல்லதோ கெட்டதோ, மறைக்க மாட்டேன்."

பிறகு ரோசம்மாவின் குரல் கேட்டது. "மரகதம், அடுப்ப அணைச்சுட்டேன் தாயி. பாப்பா பஜ்ஜி தின்னுக்கிட்டு இருக்கு. அவங்க அப்பாவுக்குத்தான் ஒன்னும் எறங்கல."

கடைசி எஞ்சின் நின்றது. அதுவரை சீசன் கொடைக்கானலில் நான் கேட்டே இராத ஒன்றைக் கேட்டேன். சோலைக்குள் எங்கோ ஒரு பறவை கூவியது முந்நூறு பேருக்கும் கேட்டது. குழிக்குள் கன்று தன் குளம்பால் மண்ணைப் பறிப்பது கேட்டது. தாய் தலையை உயர்த்தியது. காதுகள் முன்னால் வந்தன. கதவுப் பக்கமிருந்து மெதுவாக ஒரு அடி, பிறகு இன்னொரு அடி விலகியது.

மேகம் இறங்கிவிட்டது. கடையின் கூரை மங்கியது. ஓட்டுநர்களுக்கு மேகத்தைக் கண்டதும் கை விளக்குச் சுவிட்சுக்குத்தான் போகும். முன்விளக்கு ஒன்று எரிந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். மறுபடி வரிசை நெடுக ஓடினேன், இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே. ஒரே ஒரு வண்டியில் வெளிச்சம் வந்தது. அந்தோணி என்னை முந்திக்கொண்டு போய்த் தன் சட்டையைக் கழற்றி விளக்கின் மேல் போட்டுவிட்டு, உள்ளே கைவிட்டு அணைத்தான்.

நான் திரும்பி வந்தபோது மரகதம் கைபேசியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "காளியப்பன் அண்ணன் வெட்டுறாரு சார். ரெண்டு வெட்டு வெட்டுவாரு, நிப்பாட்டுவாரு. மாடு தலையத் தூக்குது. இப்ப நிப்பாட்டிட்டாரு. மாடு தலையக் கீழ போட்டுருச்சு. மறுபடி வெட்டுறாரு. கரை பாதி சரிஞ்சிருக்கு. கன்னு ஏறப் பாக்குது. ஏறல. விழுந்துருச்சு சார். பொய் சொல்ல மாட்டேன், விழுந்துருச்சு. இருங்க. மறுபடி எந்திரிக்குது."

நாற்பது நிமிடம். காளியப்பனின் சுபாவத்தைத் தவிர வேறு எந்தச் சுபாவமும் அந்த வேலையைச் செய்திருக்காது. நான் என்றால் அவசரப்பட்டிருப்பேன், மரகதம் என்றால் கை ஓடியிருக்காது. அந்த மனிதர் தன் வீட்டுப் பாத்தியை வெட்டுவதைப் போல வெட்டினார்.

கன்றின் தலை விளிம்புக்கு மேலே தெரிந்தது. முன்னங்கால்கள் தெரிந்தன. வழுக்கியது. தாய் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது, மிரட்டல் கலக்காத சத்தம். கன்று ஒரே உந்தில் மேலே வந்து தள்ளாடி நின்றது.

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நான் கையை உயர்த்திக்கொண்டேன், யாரும் அசையக் கூடாதென்று. தாய் கன்றை முகர்ந்து பார்த்தது. பிறகு சாலையைப் பார்த்தது. இரண்டு பக்கமும் மனிதச் சுவர், நடுவே வெறும் தார்ச்சாலை, அதற்கு மேலே காடு. கன்றைத் தன் உடலால் எங்களிடமிருந்து மறைத்துக்கொண்டு நடந்தது. எங்கள் முன்னால் பத்தடியில், ஒரு டன் எடையோடு, அவசரமே இல்லாமல். நெடுங்காலம் காட்டில் சுற்றியவன் நான், அவ்வளவு அருகில் அவ்வளவு அமைதியாக ஒரு காட்டுமாட்டைப் பார்த்ததே இல்லை. என் பக்கத்தில் நின்ற வெடிப்பெட்டி நண்பர் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தார்.

சோலையின் புதர்கள் மூடிக்கொண்டன. நான் மனதுக்குள் இருபது எண்ணிவிட்டுக் கையைக் கீழே இறக்கினேன்.

அப்போது எழுந்ததே ஒரு ஆரவாரம்! ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். யாரோ அழுதார்கள், யாரோ என் தொப்பியை எடுத்து வீசினார்கள். ஒரு ஓட்டுநர் மற்றொரு ஓட்டுநரைத் தூக்கிச் சுற்றினார். கோமதி செருப்பை விட்டுவிட்டு இறங்கி ஓடினார். கடைக் கதவு திறந்தது. மகள் கையில் பாதி பஜ்ஜியோடு வெளியே வந்து, "அம்மா, கன்னுக்குட்டி எங்க?" என்று கேட்டாள். காளியப்பன் பின்பக்கமிருந்து இடுப்பளவு மண்ணோடு ஏறி வந்து காதிலிருந்த பீடியைத் தேடினார். கல்லூரிப் பையன்கள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள். அன்றைக்குத்தான் காளியப்பன் பதறி நான் பார்த்தேன். "எறக்கி விடுங்கடா, விழுந்துருவேன்!" என்று கத்தினார்.

தண்டபாணி நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என்னிடம் சொல்லாதீர்கள் என்று மரகதத்தைக் காட்டினேன். ஜீப் படியில் கைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் முன்னால் போய் நின்றார்.

"நீங்கதானா? குரலக் கேட்டப்ப பெரிய ஆபீசர்னு நெனச்சேன்."

"வனக்காப்பாளர் சார்" என்றாள் மரகதம்.

"எல்லாரும் பயப்படாதீங்க பயப்படாதீங்கன்னுதான் கத்துனாங்க. நீங்க ஒருத்தர்தான் பயமா இருக்குன்னு சொன்னீங்க. அப்பதான் எனக்குத் தைரியம் வந்துச்சு" என்றார் அவர்.

உங்களில் சிலர் கலகலப்பானவர்கள், சிலர் தொட்டாற்சிணுங்கிகள், சிலருக்கு இடி விழுந்தாலும் முகம் மாறாது. இதில் எது இந்த வேலைக்கு ஏற்றது என்று என்னை யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. மூன்றும் ஆளைக் கொன்றுவிடக் கூடியவை, பூண்டியில் நான் கொல்லப் பார்த்ததைப் போல. மூன்றும் ஆளைக் காப்பாற்றவும் கூடியவை. உங்கள் சுபாவம் உங்களை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எதிரே நிற்பவருக்கு இந்த நேரத்தில் என்ன தேவை என்று பாருங்கள். அது உங்களிடம் இல்லையென்றால், இருக்கிறவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மரகதம் இப்போது வனவர். இதைப் படிப்பவர்களில் சிலர் அவளிடம்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள். சிரிக்க மாட்டாள், கவலைப்படாதீர்கள்.

நடந்த சம்பவத்துக்கு மறுநாள் அறிக்கை எழுதினேன். அச்சடித்த படிவம். காயம்பட்டோர் என்ற இடத்தில் எவருமில்லை என்று எழுதியபோது பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அடுத்த இடம், பயன்படுத்திய உபகரணங்கள். யோசித்து, நேர்மையாக, "மண்வெட்டி, ஒன்று" என்று எழுதி அனுப்பினேன்.

மதியம் மேலதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தது. "முந்நூறு பேர் கூட்டம், உள்ள மூனு பேரு, தாயும் கன்னும். வெறும் ஒரு மம்பட்டியா?"

"ஆமா சார்" என்றேன். "அதுவும் பக்கத்து சைட்ல எரவல் வாங்குனது. சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டோம்."